உள்ளே பச்சைக் குழந்தை

ஏப்ரல் 27, ஞாயிறு

மகள் இலக்கியாவையும் பாப்பாவையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. உறையூர் முழுவதும் கொதிக்கிறது. கார்க் கதவைத் தொட்டால் கை பொசுங்குகிறது. ஆரத்தி எடுக்க எங்கள் வீட்டில் பெண்கள் யாரும் இல்லை என்று நானே எடுத்தேன். சம்பந்தியம்மா மரகதம் வாசலில் நின்று அதைப் பார்த்து உதட்டை ஒரு மாதிரி சுழித்தார். ஆம்பளை ஆரத்தி எடுத்தால் வானமா இடிந்து விழும்?

சேலத்துக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்தி. தலைப்பிரசவம்னா அம்மா வீட்டுலதான், வாஸ்தவம். ஆனா அம்மாவே இல்லாத வீட்டை எப்படிங்க அம்மா வீடுங்கறது? எங்க வீட்டுல நான் இருக்கேன், ஏசி இருக்குது. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா ஒரு போன் போடுங்க, வண்டி அனுப்பறேன்."

தப்பாக நினைக்கக் கூடாதாம். பின்னே எப்படி நினைப்பது? என் வீட்டுக்காரி செண்பகம் போய்ச் சேர்ந்தது அவள் குற்றமா, என் குற்றமா? நான் பி.டி. வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன். சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் பூராவையும் மைதானத்தில் ஓடவிட்டு, ஒரு பிள்ளை மயங்கி விழாமல் பார்த்துக்கொண்டவன். சொந்தப் பெண்ணையும் ஒரு பிஞ்சையும் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? மூன்று மாதம் இவள் இங்கேதான் இருப்பாள். இங்கேயும் ஏசி இருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

பாப்பாவைக் குளிப்பாட்ட லூர்து மேரி என்று ஓர் அம்மா வருகிறார். குளிப்பாட்டுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சாம்பிராணி விஷயத்தில் சுத்த மோசம். ஒரு சிட்டிகை போட்டு, கையால் இரண்டு தடவை விசிறிவிட்டு எழுந்துவிட்டார். ஊதுபத்தி கூட அதைவிடப் புகையும்.

"போதும் சார். பச்சப் புள்ளைக்கு வாசம் பட்டாப் போதும்."

போதுமாம். யார் வீட்டுப் பிள்ளையோதானே, எல்லாம் போதும்தான். அவர் போனதும் நானே கொட்டாங்குச்சியைக் கொளுத்திக் கனலெடுத்து, தூபக்காலில் கொட்டி, கை நிறையச் சாம்பிராணி போட்டேன். இனி காலை, மதியம், விளக்கு வைக்கிற நேரம் என்று மூன்று வேளையும் போடுவதாக முடிவு செய்துவிட்டேன். பிள்ளைக்குச் சளி பிடிக்காது, தாய்க்குத் தலையில் நீர் கோக்காது. ஏசிக் குளிர் வெளியே போகாமல் இருக்க ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டேன். எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்ய வேண்டும்.

சாயங்காலம் சேலத்திலிருந்து போன். "சாம்பிராணியெல்லாம் யாருங்க போடறாங்க?" என்று கேட்டார் மரகதம்.

"நான்தான். மூணு வேளை."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. எனக்கு மனசு குளிர்ந்தது.

மே 2, வெள்ளி

எனக்குக் குளிர்ந்து என்ன பிரயோஜனம், ஏசி குளிரவில்லை. பதினெட்டில் வைத்தாலும் மூச்சு விடுகிற மாதிரி லேசாகக் காற்று வருகிறது, அவ்வளவுதான். கடைக்குப் போன் செய்தால், "வாங்கினதுலேர்ந்து சர்வீஸ் பண்ணீங்களா சார்?" என்கிறார்கள். போன வருஷம் வாங்கினது! புதுசுக்கு என்னய்யா சர்வீஸ்?

மே 3, சனி

முபாரக் என்று ஒரு மெக்கானிக் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ரூமுக்குள் நுழையப் போனான். குறுக்கே கை நீட்டி நிறுத்தினேன்.

"தம்பி, உள்ள பச்சைக் குழந்தை இருக்கு. பச்சை உடம்புக்காரி படுத்திருக்கா. ஆம்பளைங்க உள்ள போகக் கூடாது."

"நீங்க போறீங்களே சார்?"

"நான் அப்பன்டா!"

"இண்டோர் பெட்டியைத் தொறந்து ஒரு தடவை பாத்துர்றேன் சார். அஞ்சே நிமிஷம்."

"வெளிய பால்கனியில பெட்டி இருக்குல்ல? தொழில் தெரிஞ்சவனுக்கு அது போதும்."

உள்ளேயிருந்து இலக்கியா, "அப்பா, அவரு வரட்டும்பா. நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டுக் கூடத்துக்கு வந்துர்றேன்" என்றாள். நீ பேசாமல் படு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கூடத்தில் அனல் வீசுகிறது. பிள்ளை பெற்றவள் அந்தச் சூட்டில் வந்து உட்காருவதா? செண்பகம் இருந்தால் விடுவாளா?

முபாரக் பால்கனியில் குந்தி, வெளிப்பெட்டியில் ஒரு மீட்டரை மாட்டிப் பார்த்தான். "கேஸ் கம்மியாத்தான் காட்டுது சார்" என்று தலையைச் சொறிந்தான். கேஸ் ஏற்றினான். போகும்போதும், "இண்டோரைப் பாத்தாத்தான் சார் உறுதியாச் சொல்லலாம்" என்றான். தன் வேலை மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத ஆளை என்ன சொல்வது?

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். ஏசி ஜில்லென்று ஓடுகிறது. சேலத்துக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

மே 6, செவ்வாய்

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது! சுவரோரம் வழிந்து பாப்பாவின் துணிக்கூடை நனைந்துவிட்டது. குளிரும் இல்லை. குளிர வைக்க வாங்கிய பெட்டி குளிரவைக்காது, தண்ணீர் மட்டும் ஊற்றும். அதற்குத்தான் வீட்டில் குழாய் இருக்கிறதே!

பாப்பாவுக்குத் தும்மல். கேட்டீர்களா, தும்மல்! எல்லாம் இந்த ஈரத்தால் வந்தது. சாம்பிராணியில் நொச்சி இலையும் வேப்பிலையும் சேர்த்தேன்.

மே 7, புதன்

இந்த முறை கம்பெனிக்கே போன் செய்து ஆளை வரவழைத்தேன். கழுத்தில் அட்டை, காலில் ஷூ, பேச்சில் பாதி இங்கிலீஷ். அவனையும் பால்கனியோடு நிறுத்தினேன். "இன்டோர் பாக்காம ரிப்போர்ட் எழுத முடியாது சார்" என்றான். "முப்பது நாள் கழிச்சு வந்து தாராளமாப் பாரு, இப்ப முடியாது" என்றேன். ஆரம்பத்திலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அவனும் ஒரு மீட்டரை மாட்டினான். "கேஸ் ஜாஸ்தி சார். யாரோ ஓவரா ஏத்திருக்காங்க."

எனக்கு வந்ததே கோபம். ஒரே வீடு, ஒரே பெட்டி. சனிக்கிழமை கேஸ் கம்மி, புதன்கிழமை கேஸ் ஜாஸ்தி! நடுவில் நானா குடித்தேன்?

"அப்ப தண்ணி ஏன்யா சொட்டுது?"

"தண்ணி போற பைப்புல ஸ்லோப் சரியில்லாம இருக்கலாம். அடைச்சும் இருக்கலாம். ஐஸ் கட்டி உருகினாலும் சொட்டும். அதுக்குத்தான் இன்டோர் பாக்கணும்ங்கிறேன்."

"குளிரு ஏன் வரலை?"

"லோ வோல்டேஜா இருக்கலாம். ஸ்டெபிலைசர் போட்டிருக்கீங்களா? அவுட்டோருக்குப் பின்னால புறா கூடு கட்டிருக்கு பாருங்க. காத்து போக வழியில்லைன்னா சூடு வெளியேறாது. ரூம் சைஸுக்கு மெஷின் பத்தாமக்கூட இருக்கலாம்."

இருக்கலாம், இருக்கலாம், இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இப்படிப் பதில் சொன்னால் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லியிருப்பேன். அவன் போனதும் புறாக் கூட்டை எடுத்துப் போட்டேன். திரும்பி வந்தால் விரட்ட, என் பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஸ்டெபிலைசரும் வாங்கி மாட்டியாயிற்று. அது பாட்டுக்கு டொக் டொக் என்கிறது.

மே 9, வெள்ளி

இன்று இலக்கியா சாம்பிராணி வேண்டாம் என்றாள். தலைக்குக் குளிக்கவில்லையாம். "தலைக்குக் குளிக்கலைன்னா என்னம்மா, உடம்புக்குப் பிடி" என்று போட்டுவிட்டேன். சுறாப்புட்டு செய்தேன். "எப்படிம்மா இருக்கு?" என்றேன். "நல்லா இருக்குப்பா, நீங்க சாப்பிடுங்க" என்றாள். பாதியை வைத்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்குப் பசி இருக்காது போலிருக்கிறது.

மே 10, சனி

புறா வந்தது. விசில் அடித்தேன். போய்விட்டது.

மே 12, திங்கள்

பாப்பாவுக்கு மூக்கு அடைத்துக்கொண்டு, நெஞ்சில் கர் கர் என்று சத்தம். பயந்து போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளைக்கு ஒன்று என்றால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சேலத்துக்குப் பதில் சொல்வேன்? பதிலை விடுங்கள், பிள்ளை நன்றாக இருந்தால் போதும்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா? வேற ஏதாவது புகை உண்டா?"

யாரைப் பார்த்து! பீடி முனையைக் கூடத் தொட்டதில்லை நான். கக்கூஸ் பின்னால் நின்று பீடி பிடித்த பயல்களைக் காதைத் திருகி இழுத்து வந்தவன். "டாக்டர், நான் பி.டி. வாத்தியார்" என்று ஆரம்பித்தேன்.

இலக்கியா, "டாக்டர், அது வந்து..." என்றாள்.

"நீ இரும்மா" என்று நானே முழுக்கச் சொன்னேன். ஏசி சொட்டுவதை, ஈரத்தை, மெக்கானிக்குகளின் யோக்கியதையை எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா பொறுமையாகத்தான் கேட்டார். மூக்குக்குச் சொட்டு மருந்து எழுதி, கீழே மெடிக்கலில் வாங்கி வரச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "பயப்படாதீங்க சார், சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. பயப்பட நான் என்ன சின்னப் பிள்ளையா?

மே 14, புதன்

இலக்கியாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நான் தூபக்காலோடு வருவதைப் பார்த்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுகிறாள். கேட்டால், "பாப்பா தூங்கிட்டாப்பா, அப்புறம் காட்டலாம்" என்கிறாள். பாப்பா கண்ணை முழித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. சரி, அறைக்காவது இருக்கட்டும் என்று காலி ரூமில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மே 15, வியாழன்

ஏசி ரூமை விட்டுவிட்டுக் கூடத்தில், ஃபேன் காற்றில், வேர்த்து விறுவிறுத்துக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். என்ன பிடிவாதம்! "உள்ள போம்மா" என்றால், "இங்கதான்பா நல்லா இருக்கு" என்கிறாள். பாப்பாவின் கர் கர் குறைந்திருக்கிறது. சொட்டு மருந்து நல்ல மருந்து.

மே 19, திங்கள்

லூர்து மேரி பாப்பாவின் துணியை எடுக்க ஏசி ரூமுக்குப் போய்விட்டு வந்து, "ஏன் சார் அந்த ரூமு செவுரெல்லாம் இப்படிப் பழுப்பேறிக் கெடக்கு?" என்று கேட்டார். பெயிண்ட் மட்டம் என்றேன். இந்தக் காலத்தில் எதுதான் ஒழுங்காக இருக்கிறது? அவர் இலக்கியாவைப் பார்த்தார். இலக்கியா கூரையைப் பார்த்தாள்.

சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கி வந்தேன். உள்ளே இலக்கியா மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கதவு திறந்திருந்தது, கேட்டது.

"இல்லங்க... அவருகிட்ட எப்படிங்க சொல்றது? மனசு ஒடஞ்சு போயிடுவாரு. அவ்வளவு ஆசையாப் பண்றாரு... அத்தைகிட்ட நீங்க சொல்லாதீங்க, ப்ளீஸ்."

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஏசி உதவாது, வேறு வாங்கச் சொன்னால் அப்பா மனசு உடைந்துவிடும் என்கிறாள். நான் என்ன ஒரு ஏசி வாங்கக் கூட வக்கில்லாதவனா? கறிவேப்பிலைக் கட்டை மேஜையில் கொஞ்சம் ஓங்கியே வைத்தேன்.

மே 21, புதன்

சொல்லாதே என்றால் உடனே சொல்லிவிடுகிற பிள்ளை எங்கள் மாப்பிள்ளை. மரகதம் போன் செய்தார்.

"சம்பந்தி, ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோமுங்க. இலக்கியாவையும் கொழந்தையையும் கூட்டிட்டு வந்தர்றோம். கொழந்தைக்கு மூச்சுக்குச் சேரலைன்னு கேள்விப்பட்டேன். நீங்க செஞ்ச வரைக்கும் பெரிய விசயமுங்க. ஒத்த ஆளா எவ்வளவுதான் பார்ப்பீங்க?"

"மூணு மாசம்னு பேச்சு."

"பேச்சு கெடக்குதுங்க. கொழந்தைதானுங்க முக்கியம்."

போனை வைத்துவிட்டு முபாரக்குக்கு அடித்தேன். சனிக்கிழமை காலை கட்டாயம் வருகிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பெட்டி ஓட வேண்டும். மரகதம் உள்ளே வரும்போது ரூம் ஜில்லென்று இருக்க வேண்டும். அப்புறம் எந்த வாயால் கூப்பிடுகிறார் பார்க்கிறேன்.

மே 23, வெள்ளி

இலக்கியாவிடம் கேட்டேன். "நீ போறியாம்மா?" தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க என்ன சொல்றீங்கப்பா?" என்றாள்.

மே 24, சனி

காலை போய் மதியமும் வந்துவிட்டது, முபாரக் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. காலி ரூமில் ஓடவிட்டிருந்த ஏசியிலிருந்து தடக்கென்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால், ஒரு பனிக்கட்டி உடைந்து கட்டிலில் விழுந்து கிடக்கிறது. பாப்பா படுக்கிற இடம்! நல்லவேளை, பாப்பா கூடத்தில் இருந்தது.

அவ்வளவுதான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒருத்தனும் வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். முன் மூடியை நெம்பித் தூக்கினேன். உள்ளே வலை மாதிரி ஒன்று. ஃபில்டர் என்பது அதுதான் போலிருக்கிறது. வலையில் ஓட்டையே இல்லை. கெட்டியாக, பழுப்பாக, பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது. பாப்பாவுக்குப் போடுகிற பவுடர் வேறு அதன் மேல் ஒட்டியிருந்தது. வலைக்குப் பின்னால் இருந்த தகடுகள் எல்லாம் ஐஸ். காற்று போக ஊசி முனை இடம் கிடையாது.

விரலால் வழித்தேன். முகர்ந்து பார்த்தேன்.

சாம்பிராணி. என் சாம்பிராணி. நொச்சி வாசம் கூடத் தனியாகத் தெரிந்தது.

முதலில் கம்பெனி மேல்தான் கோபம் வந்தது. தமிழ்நாட்டில் ஏசி விற்கிறவனுக்குத் தமிழன் பிள்ளை பெற்றால் சாம்பிராணி போடுவான் என்று தெரியாதா? அதைத் தாங்குகிற மாதிரிச் செய்தால் என்ன? பிறகு டாக்டரம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. வேறு ஏதாவது புகை உண்டா? இந்த வலையில் இவ்வளவு இருக்கிறதென்றால் அந்தப் பிஞ்சு நெஞ்சில் எவ்வளவு இருக்கும்? என் கையாலேயே ஊட்டிய விஷம் மாதிரி ஆகிவிட்டதே. நான் என்ன மனுஷன்!

இலக்கியா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை? பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா? ஒரு வார்த்தை, 'அப்பா நிறுத்துங்க'ன்னு சொல்றதுக்கு என்ன? நான் என்ன புலியா, கரடியா?"

"பாப்பாவை அன்னையிலேர்ந்து ரூம்ல விடவே இல்லப்பா. டாக்டர் சொன்னதுலேர்ந்து விடல." அழுதுவிட்டாள். "நீங்க கரி போட்டு, ஊதி, கண்ணெல்லாம் செவந்து போயி வந்து நிப்பீங்க. உங்களைப் பாத்து எப்படிப்பா வேணாங்கிறது? அம்மாவா இருந்தா மூஞ்சிக்கு நேரா கத்தியிருப்பேன்."

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். வலையைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். பழுப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

வெயில் தாழ்ந்தபின் முபாரக் வந்தான். தங்கச்சிக்கு நிச்சயமாம், போன் எடுக்க முடியவில்லையாம். "உள்ள வாப்பா" என்றேன். அவன் வாசற்படியில் தயங்கி நின்று, "நிஜமாவா சார்?" என்றான். உள்ளே வந்து பார்த்தவன் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. அந்தத் தகட்டுக் காயிலையும் கழற்றிக் கழுவ வேண்டும், நாளைக்கு மதியம் வந்து மாட்டுகிறேன் என்று பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். சம்பந்தி வருகிற நேரத்தில் சுவரில் ஓட்டைதான் இருக்கப்போகிறது. இருக்கட்டும். அது இப்போது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மே 25, ஞாயிறு

காலையில் இலக்கியா குளிக்கப் போயிருந்தபோது அவள் பெட்டியை நானே கட்டினேன். அவள் துணி, பாப்பாவின் சட்டை, மருந்து, பால் புட்டி எல்லாம் எடுத்து வைத்து வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். மரகதம் சொன்னதில் என்ன தப்பு? பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். எனக்குத் தெரியவில்லை. தெரியும் தெரியும் என்று குதித்ததுதான் மிச்சம்.

பத்து மணிவாக்கில் மாப்பிள்ளை பிரதாப்பும் மரகதமும் வந்தார்கள். மரகதம் சுவரைப் பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி, ஏசியைக் காணோம்?"

"கழுவக் குடுத்திருக்கு."

பெட்டியைப் பார்த்தார். "எல்லாம் ரெடியா எடுத்து வெச்சுட்டீங்களா. பரவால்லீங்க."

"நீங்க சொன்னதுதாங்க சரி" என்றேன். "இங்க வெவரம் தெரிஞ்ச பொம்பளை இல்லை. கூட்டிட்டுப் போங்க."

இலக்கியா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஈரத்தலையில் துண்டு. மாமியாருக்கு வாங்க சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.

"என்னப்பா பெட்டி இது?"

"உன்னோடதும்மா."

"யாரு கட்டுனது?"

"நான்தான்."

வந்ததே பாருங்கள் அவளுக்குக் கோபம்.

"உன்னை யாரு கட்டச் சொன்னது? நான் போறேன்னு சொன்னேனா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ? எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிடுவியா? மூணு வேளை புகை போடுன்னு உன்னை யாரு கேட்டா? மெக்கானிக்கை உள்ள விடாதேன்னு யாரு சொன்னா? புட்டுல உப்பை அள்ளிக் கொட்டிட்டு 'எப்படிம்மா இருக்கு'ன்னு எதிர்ல வந்து நிக்கிற, நான் என்னன்னு சொல்லுவேன்? புறாவை வெரட்டுறேன்னு விசிலடிக்கிற, பாப்பா தூக்கிப் போட்டு முழிக்குது! வாயைத் தொறந்து ஒண்ணு சொல்ல முடியுதா உங்கிட்ட? எல்லாம் பண்ணிட்டு, இப்பப் பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சு என்னை அனுப்புறியா? அறிவிருக்கா உனக்கு?"

அறிவிருக்கா உனக்கு! சம்பந்தி முன்னால்! மாப்பிள்ளை முன்னால்! கீழ்வீட்டு ஆள் படியேறி வந்து என்ன என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செண்பகத்தைத்தான் இவள் நீ, வா, போ என்பாள். இரண்டு பேரும் சண்டை போட்டால் தெருமுனை வரை கேட்கும். என்னையோ, பேச ஆரம்பித்த நாளிலிருந்து 'நீங்க'தான். நான் வீட்டுக்குள் நுழைந்தால் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போவாள். அந்தப் பெண் இன்றைக்கு என்னை நிற்க வைத்து நீ, நீ என்று கிழிக்கிறாள். பதிலுக்குக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுதுவதற்கு என்ன வெட்கம், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பாப்பா அழ ஆரம்பித்தது. இலக்கியா கத்துவதை நிறுத்தவில்லை. பிள்ளையைத் தட்டிக்கொண்டே கத்தினாள். மாப்பிள்ளை குனிந்து பெட்டியைத் தூக்கப் போனார். மரகதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெச்சுடு பிரதாப்பு."

"இல்லம்மா, நேரமாகுது..."

"வெச்சுடுன்னா வெச்சுடு." மரகதம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தார். "நான் கூட்டிட்டுப் போனா இந்தப் புள்ளை அங்க யாருகிட்டக் கத்தும்? எனக்குச் சூடாத்தான் இருக்குது, பரவால்ல. சம்பந்தி, அப்படியே நிக்கிறீங்களே, குடிக்கத் தண்ணி குடுங்க."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதியைக் கொட்டிவிட்டேன். "பார்த்துக் குடுக்க மாட்டியா?" என்று அதற்கும் இலக்கியா ஒரு சத்தம் போட்டாள்.

சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் மாதம் வந்து கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். வண்டி போனதும் பெட்டியை உள்ளே தூக்கி வந்து பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கினேன். பெரியவள் துணியையும் சின்னவள் துணியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேனாம். மடிப்பும் சரியில்லையாம். கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே, எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப அடுக்கு என்கிறாள். முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே வரிசையில் நிற்க வைத்த எனக்கு அடுக்கத் தெரியவில்லையாம்!

கத்தட்டும்.